இங்கிலாந்தில் அரசு தரும் பேச்சுச் சிகிச்சையால் நிஜமாகவே பலன் இருக்கிறதா?

ஹாரோவில் வசிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய தங்கைக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகச் சரியான தூக்கமில்லை. திடீர் திடீரென்று அழுகை வருகிறது. கடைக்குப் போனால் நெஞ்சு படபடத்துப் பாதியில் திரும்பி வந்துவிடுகிறார். ஜி.பி. (குடும்ப மருத்துவர்) அவரை அரசின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். சில வாரம் காத்திருந்த பிறகு தொலைபேசியில் ஆறு அழைப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கூடவே ஒரு பயிற்சிப் புத்தகம். ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் ஒரு கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். கடைசித் தாளில் மதிப்பெண் இறங்கியிருந்ததால், குணமடைந்துவிட்டார் என்று எழுதிச் சிகிச்சையை முடித்துவிட்டார்கள். இரண்டே மாதத்தில் எல்லாம் பழையபடி திரும்பிவிட்டது. “இவ்வளவு செலவு செய்து அரசாங்கம் நடத்தும் இந்தச் சேவை உண்மையிலேயே யாருக்காவது பலன் தருகிறதா, இல்லை எண்ணிக்கை காட்டுவதற்காகவா?” என்று கேட்கிறார். அதே பதிவின் கடைசியில், “தங்கை இப்போது தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறாள்” என்று ஒரு வரி இருக்கிறது. அவர் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: தங்கை சரியாகாமல் போனது தங்கையின் குறையா, கொடுக்கப்பட்ட சிகிச்சையின் குறையா?

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவ உளவியல் படித்து, சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பயிற்சி பெற்று, கிழக்கு லண்டனில் இதே சேவையில் பல ஆண்டுகள் தெரபிஸ்டாக இருந்தவள் நான். இப்போது இளைய தெரபிஸ்ட்டுகளின் வேலையை மேற்பார்வை செய்கிறேன். அதனால் இந்தச் சேவையின் மேல் எனக்குப் பற்று உண்டு. அதன் ஓட்டைகளும் பக்கத்திலிருந்து தெரியும். படிப்பவர்கள் இரண்டையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சேவை இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் ஏற்பாடு வேறு.

இது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எதைச் சாதிப்பதாகச் சொல்லி ஆரம்பித்தார்கள் என்பது புரியும். 2006இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டின் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. மனச்சோர்வாலும் பதற்றநோயாலும் வேலைக்குப் போக முடியாமல் அரசு உதவித்தொகையில் வாழ்பவர்கள் ஏராளம். ஒருவருக்கு சுமார் 750 பவுண்டு செலவழித்து முறையான சிகிச்சை கொடுத்தால், மிச்சமாகும் உதவித்தொகையும் கூடுதலாக வரும் வரியும் அந்தச் செலவை ஈடுகட்டிவிடும் என்பது அவர் வாதம். உளவியலாளர் டேவிட் கிளார்க் அவருடன் சேர்ந்தார். டான்காஸ்டரிலும் லண்டனின் நியூஹாமிலும் சோதனை முயற்சி நடந்தது. 2008இல் நாடு முழுக்க ஐயாப்ட் என்ற பெயரில் விரிந்தது. 2023இல் என்.எச்.எஸ். டாக்கிங் தெரபிஸ் என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முன்னால் நிலைமை என்ன? ஜி.பி. மாத்திரை எழுதுவார், பேச்சுச் சிகிச்சை வேண்டுமென்றால் மாதக்கணக்கில், சில ஊர்களில் வருடத்துக்கும் மேல், காத்திருக்க வேண்டும். கையில் காசிருந்தால் தனியாரிடம் போகலாம். இன்று இந்தச் சேவையைத் திட்டுகிறவர்களில் பலர் அந்தக் காலத்தைப் பார்த்ததில்லை.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியது. பேச்சுச் சிகிச்சை பலன் தருகிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சைகள் பற்றி நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்திருக்கின்றன. நெதர்லாந்தின் பிம் கெய்பர்ஸும் அவர் குழுவும் அவற்றைத் தொகுத்து 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, சிகிச்சை தொடங்கி இரண்டு மாத வாக்கில், நோய் பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 41 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம். இந்த வித்தியாசம் நிஜமானது. ஆனால் அதே தொகுப்பு, சிகிச்சை எடுத்தவர்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் அந்த அளவு முன்னேற்றம் வரவில்லை என்றும் சொல்கிறது. நல்ல தெரபிஸ்ட், ஒழுங்கான சோதனை, ஒத்துழைக்கும் நோயாளி என்று எல்லாம் அமைந்த இடத்திலேயே இப்படித்தான். ஆக, ஒருவருக்கு முதல் முறையில் சரியாகவில்லை என்பது விதிவிலக்கு அல்ல. தங்கையிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அடுத்து, சேவை வெளியிடும் கணக்கு. ‘பாதிப் பேர் குணமடைகிறார்கள்’ என்று வருடா வருடம் கேட்கிறோம். 50 சதவீதம் என்பது அரசு வைத்த இலக்கு. சோதனை முயற்சியில் குறைந்தது இரண்டு முறை வந்தவர்களில் சுமார் 55 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். அதையொட்டி வைத்த இலக்கு. அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று விளக்காமல் அதை நம்பலாமா கூடாதா என்று பேசிப் பயனில்லை.

உங்கள் தங்கை நிரப்பியது பெரும்பாலும் இரண்டு தாள்கள். ஒன்று பி.எச்.க்யூ-9. மனச்சோர்வு பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். இன்னொன்று ஜி.ஏ.டி-7. பதற்றம் பற்றி ஏழு கேள்விகள், மொத்தம் 21. முதல் தாளில் 10 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் இரண்டாவதில் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் எல்லைக்குள் வருகிறீர்கள். சிகிச்சை முடியும்போது இரண்டு தாளிலுமே எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தால் ‘குணம்’ என்று பதிவாகும். இதில் ஒரு விபரீதம் உண்டு. 10இல் ஆரம்பித்து 9இல் முடித்தவர் குணமடைந்தவர். 26இல் ஆரம்பித்து, படுக்கையை விட்டு எழுந்து, குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் அளவுக்குத் தேறி, 12இல் முடித்தவர் குணமடையாதவர். அதனால்தான் ‘நம்பத்தகுந்த முன்னேற்றம்’ என்று இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறார்கள்: முதல் தாளில் குறைந்தது 6 மதிப்பெண்ணோ, இரண்டாவதில் குறைந்தது 4 மதிப்பெண்ணோ இறங்கியிருக்க வேண்டும். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேர் அதில் தேறுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ‘நம்பத்தகுந்த குணம்’ என்ற அளவுகோலுக்கு இப்போது அதிக முக்கியத்துவம் கொடுக்கிறார்கள். அது சரியான மாற்றம்.

இந்தத் தாள்களைப் பற்றி அறைக்குள் இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பல நேரம் நோயாளி அவற்றை தெரபிஸ்ட்டின் முன்னாலேயோ போனில் அவர் வாசிக்க வாசிக்கவோ நிரப்புகிறார். இத்தனை வாரம் அக்கறையாகப் பேசிய ஒருவரிடம் ‘எனக்கு ஒன்றும் மாறவில்லை’ என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. ‘பரவாயில்லை, இப்போ நல்லாத்தான் இருக்கு’ என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, கதவருகே போய் நின்று கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மரியாதைக்காகக் குறைத்துச் சொன்ன மதிப்பெண்ணும் அட்டவணையில் குணமாகவே ஏறும். நாடு முழுக்க இது எவ்வளவு தூரம் கணக்கைக் கூட்டுகிறது என்று எந்த எண்ணும் காட்டாது. இருக்கிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனாலும் இந்தக் கணக்கு முறையை நான் குப்பை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சந்திப்பிலும் மதிப்பெண் எடுப்பதால், பாதியில் நின்றுபோனவருடைய கடைசி மதிப்பெண்ணும் கையில் இருக்கிறது. சிகிச்சை முடித்தவர்களில் ஏறத்தாழ 98 சதவீதம் பேருக்குத் தொடக்கமும் முடிவும் பதிவாகியிருக்கின்றன. பழைய முறையில் தொடக்கத்திலும் கடைசியிலும் மட்டும் தாள் கொடுப்பார்கள். சரியாகாதவர்கள் அதற்குள் வராமல் போயிருப்பார்கள். தேறியவர்களை மட்டும் எண்ணி எல்லோரும் மகிழ்ந்துகொள்வார்கள். நியூஹாம் சோதனையிலேயே, கடைசித் தாள் கொடுக்காதவர்கள் கொடுத்தவர்களைவிடக் குறைவாகவே தேறியிருந்தது வெளிப்பட்டது. இங்கே ஒவ்வொரு பகுதியின் எண்ணும் பொதுவெளியில் இருக்கிறது. குறை சொல்கிறவர்களுக்கே ஆதாரம் அங்கிருந்துதான் கிடைக்கிறது. உலகில் வேறு எந்த மனநலச் சேவையும் இவ்வளவு பெரிய அளவில் தன்னைத் திறந்து வைத்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

அடிப்படைக் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாதிப் பேர் தேறினார்கள் என்றால், சிகிச்சை இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்ற கேள்வி வருகிறது. மனச்சோர்வு பலருக்குத் தானாகவே தணியும். சிகிச்சை எடுக்காதவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த ஒரு கணக்கு, மூன்று மாதத்தில் 23 சதவீதம், ஆறு மாதத்தில் 32 சதவீதம், ஒரு வருடத்தில் 53 சதவீதம் பேருக்கு நோய் தணிந்துவிடுகிறது என்று மதிப்பிடுகிறது. மனிதர்கள் உதவி தேடுவது மிக மோசமான வாரத்தில்தான். அடுத்த மாதம் யார் எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் நன்றாகத்தான் இருப்பார்கள். என்.எச்.எஸ். வெளியிடும் எண்ணில் ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத ஒரு கூட்டம் இல்லாததால், தானாகத் தணிந்ததையும் சிகிச்சையால் தணிந்ததையும் அது பிரிக்காது. கிளார்க் தரப்பின் பதில், வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்கும் மேலாக அவதிப்பட்டவர்கள், அவ்வளவு நாள் நீடித்த நோய் தானாகத் தணிவது குறைவு என்பது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நியாயம் என்பது நிரூபணம் ஆகாது.

நிரூபணத்துக்குப் பக்கத்தில் வருவது நார்வேயிலிருந்து கிடைத்தது. இங்கிலாந்தின் முறையைப் பின்பற்றி அங்கே ஒரு சேவையைத் தொடங்கியபோது, வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இந்தச் சேவையும் மற்றவர்களுக்கு வழக்கமான மருத்துவரின் கவனிப்பும் கொடுத்தார்கள். 2020இல் வெளியான முடிவு: ஆறு மாதத்தில் சேவை பெற்றவர்களில் 58.5 சதவீதம் பேர் தேறினார்கள், மற்றவர்களில் 31.9 சதவீதம். யாருக்கு எது கிடைத்தது என்பது அவர்களுக்கே தெரியும், அளந்ததும் அவர்களே நிரப்பிய தாளால்தான். அதனால் வித்தியாசம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்திருக்கலாம். நார்வேயின் செல்வமும் இங்கிலாந்தின் நெருக்கடியும் ஒன்றல்ல. இருந்தும், தேறியவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் எப்படியும் தேறியிருப்பார்கள், மீதிப் பேரைச் சேவை தேற்றியது என்று இதை வாசிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘பாதிப் பேரைக் குணப்படுத்துகிறோம்’ என்பதைவிட இது சிறிய கூற்று. வருடத்துக்கு லட்சக்கணக்கானவர்கள் வரும் இடத்தில் சிறிய விஷயம் அல்ல.

எதிர்ப்பக்கத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது மைக்கேல் ஸ்காட் என்ற உளவியலாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வு. இந்தச் சேவைக்குப் போய்வந்த 90 பேரைத் தாள்களை நம்பாமல் நேர்காணல் செய்து பார்த்தார். முழுமையாகக் குணமானவர்கள் 9.2 சதவீதம்தான் என்றார். ‘பத்தில் ஒருவர்கூட இல்லை’ என்று இணையத்தில் சுற்றுவது இதுதான். அவர் எழுப்பிய கேள்வி மிகச் சரியானது: சிகிச்சை கொடுக்கிற அமைப்பே தன் மதிப்பெண்ணையும் போட்டுக்கொள்ளக் கூடாது, வெளியாள் ஒருவர் சோதிக்க வேண்டும். ஆனால் அவர் பார்த்த அந்த 90 பேர் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளுக்காக அவரிடம் மதிப்பீட்டுக்கு வந்தவர்கள். நோய் தீராதவர்கள் அப்படிப்பட்ட கூட்டத்தில் அதிகம் இருப்பது இயல்பு. அந்த எண்ணை நாடு முழுமைக்கும் பொருத்தக் கூடாது. 50உம் 9உம் இரண்டுமே உங்கள் தங்கையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. 2022-23இல் ஏறக்குறைய 17.6 லட்சம் பரிந்துரைகள் வந்தன. சிகிச்சையைத் தொடங்கியவர்கள் சுமார் 12 லட்சம். முடித்தவர்களாகப் பதிவானவர்கள் சுமார் 6.7 லட்சம். இதில் ‘முடித்தவர்’ என்றால் குறைந்தது இரண்டு சிகிச்சைச் சந்திப்புக்கு வந்தவர் என்று மட்டுமே பொருள். 50 சதவீதம் என்பது இந்த 6.7 லட்சத்தில், ஆரம்பத்தில் நோய் எல்லைக்குள் இருந்தவர்களின் மேல் போடும் கணக்கு. வாசலுக்கு வந்த நூறு பேரை வைத்துப் பார்த்தால் குணம் என்று பதிவாகிறவர்கள் இருபதுக்கும் குறைவு. வராமல் போனவர்கள் எல்லோரையும் தோல்வியாக எண்ணுவதும் தவறு. சிலர் காத்திருக்கும்போதே தேறிவிடுகிறார்கள், சிலரை வேறு சேவைக்கு அனுப்புகிறார்கள், ஒரே சந்திப்பு போதும் என்றவர்களும் உண்டு. ஆனால் முதல் சந்திப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மூன்று மாதம் கிடந்து, சலித்து, போனை எடுக்காமல் விட்டவர்கள் அதில் நிறைய. காத்திருப்புக் கணக்கு முதல் சந்திப்போடு நின்றுவிடுகிறது: 75 சதவீதம் பேர் ஆறு வாரத்துக்குள், 95 சதவீதம் பேர் 18 வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதே இலக்கு. அதனால் முதல் சந்திப்பைச் சீக்கிரம் கொடுத்துவிட்டு இரண்டாவதற்குக் காக்கவைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இதை நான் மன்னிக்க முடியாத ஒன்றாகவே பார்க்கிறேன். மனதைத் திறந்து ஒருமுறை சொல்லிவிட்ட மனுஷியை அதே நிலையில் மாதக்கணக்கில் விட்டுவைப்பது, சொல்லாமலே இருந்ததைவிட மோசம்.

இப்போது உங்கள் தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் பதிலின் மையம் இங்கேதான். இந்தச் சேவை படிப்படியாக ஏறும் அமைப்பு. கீழ்ப்படியில் பி.டபிள்யூ.பி. என்று அழைக்கப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு வருடப் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சிப் புத்தகத்தையோ இணையத் திட்டத்தையோ வைத்து நோயாளி தானே செய்துகொள்ள வழிகாட்டுவது அவர்கள் வேலை. மேல்படியில் முழுப் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்டுகள். போனில் ஆறு முறை அரை மணி நேரமும் ஒரு புத்தகமும் என்றால், அது கீழ்ப்படி. ஆக மொத்தம் மூன்று மணி நேரம். நைஸ் என்ற தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பு, பீதி நோய்க்கான முழு சி.பி.டி.க்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் என்கிறது. கடுமையான மனச்சோர்வுக்குத் தனிநபர் சி.பி.டி. 16 சந்திப்புகள். லேசான மனச்சோர்வுக்கு வழிகாட்டலோடு சுயமாகச் செய்யும் முறையை முதலில் கொடுங்கள் என்று அதே அமைப்புதான் 2022இல் சொன்னது. அதனால் அதிலிருந்து ஆரம்பித்தது தவறில்லை. ஒரு வருடம் நீடித்து, கடைக்குப் போவதையே நிறுத்திவிட்ட நிலையில், அதிலேயே முடித்தது தவறு. ஐந்து நாள் சாப்பிட வேண்டிய ஆன்டிபயாட்டிக்கை ஒரு நாள் கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று யாரும் நோயாளியைக் குறை சொல்வதில்லை.

கீழ்ப்படிச் சிகிச்சையின் பலன் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது, அது ஆறுதலானது அல்ல. 2017இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு, இந்த வகைச் சிகிச்சையில் தேறிய நானூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தது. 53 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே. இரண்டு மாதத்தில் பழையபடி ஆன உங்கள் தங்கை அந்தப் பெரும்பான்மையில் ஒருவர், அவ்வளவுதான். சேவையோ கடைசிச் சந்திப்போடு அளப்பதை நிறுத்திவிடுகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு போன், அதே தாள் என்று ஒரு விதி வந்தால், நாம் பேசும் எண்கள் எல்லாம் மாறிவிடும். கீழ்ப்படியில் மக்களை நிறுத்திவைக்கும் தைரியமும் குறையும். இந்த ஒரு மாற்றத்துக்காக நான் எந்தக் கூட்டத்திலும் பேசத் தயார்.

போனுக்குப் பதில் கணினியை மட்டும் கொடுத்தவர்களும் உண்டு. அதிலும் கலவையான முடிவுதான். ஜி.பி. கவனிப்போடு இணையத் திட்டங்களையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்று 2015இல் வெளிவந்தது. கூடுதல் பலன் இல்லை, பெரும்பாலோர் திட்டத்தை முடிக்கவே இல்லை. 2020இல் இந்தச் சேவைக்குள்ளேயே நடந்த இன்னொரு சோதனையில், பின்னால் ஒரு மனிதர் தொடர்ந்து கவனித்து எழுதிய இணையத் திட்டம் காத்திருப்புப் பட்டியலைவிடத் தெளிவாக நன்றாக வேலை செய்தது. மனிதத் துணை எவ்வளவு என்பதே வித்தியாசம் என்று நான் கருதுகிறேன்.

யாருக்குக் குறைவாகப் பலன் கிடைக்கிறது என்பதும் தெரிந்ததே. வறுமை அதிகமுள்ள பகுதிகளில் குணமாகும் விகிதம் குறைவு. 2018இல் கிளார்க்கே தன் சேவையின் எண்களை அலசி அதை எழுதினார். எந்த நோய்க்குச் சிகிச்சை என்று சரியாகப் பதிவு செய்யாத இடங்களிலும், காத்திருப்பு நீண்ட இடங்களிலும், சராசரிச் சந்திப்புகள் குறைந்த இடங்களிலும் பலன் குறைவு என்பதும் அதிலேயே வந்தது. பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினருக்கு வெள்ளையரைவிடப் பலன் குறைவாகப் பதிவாகிறது. நம்மவர்களைப் பற்றித் தனி எண் பிரிக்கப்படுவதில்லை. ஆனால் இந்தச் சேவை தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று, தமிழர்கள் நிறைய வாழும் ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாம். ஜி.பி. கடிதம் இல்லாமல் தாங்களாகவே வரலாம் என்று அங்கே அனுமதித்தபோது, அப்படி வந்தவர்களின் இனக் கலவை அந்தப் பகுதி மக்களின் கலவைக்கு அதிகம் பொருந்தியிருந்தது. ஜி.பி.யின் கண்ணில் படாதவர்கள் வந்தார்கள். அந்தப் பாடத்தால்தான் இன்று நாடு முழுக்க யாரும் தாமாகவே விண்ணப்பிக்கலாம்.

போரிலிருந்து தப்பி வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஈழத்திலிருந்து வந்து, இரவில் கத்தி எழும் பழைய நினைவுகளோடு இருப்பவருக்குப் பயிற்சிப் புத்தகம் கொடுத்தால் அது சிகிச்சை ஆகாது. போர், சித்திரவதை ஆகியவற்றின் அதிர்ச்சிக்குக் கீழ்ப்படிச் சிகிச்சை ஏற்றதல்ல என்று சேவையின் சொந்தக் கையேடே சொல்கிறது. அவர்களுக்கு அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சி.பி.டி. வேண்டும், மொழிபெயர்ப்பாளரோடு, நேரில். மொழிபெயர்ப்பாளர் கேட்பது உரிமை, அதற்குக் காசில்லை. ஊர்க்காரர் மொழிபெயர்ப்பாளராக வந்து, வெளியே கதை போய்விடுமோ என்று பயந்தால் வேறொருவரைக் கேட்கலாம். மகனையோ மகளையோ உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பிள்ளை முன்னால் எந்தத் தாயும் முழுதாகப் பேசமாட்டாள்.

சேவையில் வேலை செய்கிறவர்கள் மேல் பழி போட எனக்கு மனமில்லை. 2017இல் வந்த ஓர் ஆய்வில் பி.டபிள்யூ.பி.க்களில் 68.6 சதவீதம் பேரும், மேல்படி தெரபிஸ்ட்டுகளில் 50 சதவீதம் பேரும் மனம் எரிந்து சோர்ந்துபோன நிலையில் இருந்தார்கள். ஒரு நாளில் வரிசையாக அரை மணி நேர அழைப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பெண், மாதக் கடைசியில் இலக்கு. எண்ணுக்காக யாராவது ஏமாற்றுகிறார்களா என்று நீங்கள் கேட்டீர்கள். திட்டமிட்ட மோசடிக்கு நல்ல ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. மதிப்பெண் எல்லைக்குக் கீழே வந்த வாரத்தில் ‘இத்தோடு முடிக்கலாமா?’ என்று கேட்கும் உந்துதல் இருப்பதை அறிவேன்.

லேயார்ட் சொன்னபடி சேவை தன் செலவைத் தானே மீட்டதா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. நாட்டின் மனநலம் மொத்தமாகத் தேறவில்லை என்பது தெளிவு: 16 முதல் 64 வயதினரில் மனச்சோர்வு, பதற்றம் போன்ற நோய்கள் இருந்தவர்கள் 2007இல் 17.6 சதவீதம், 2014இல் 18.9, 2023-24இல் 22.6. இதை வைத்துச் சேவை தோற்றது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. வீட்டு வாடகையையும் கடனையும் தனிமையையும் எந்த தெரபிஸ்ட்டும் குறைக்க முடியாது.

தங்கையைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அவர் இடத்தில் இருந்தால் மறுபடி போவேன், வேறு விதமாகப் போவேன். ஜி.பி.க்குக் காத்திருக்க வேண்டாம். இணையத்தில் அவரே விண்ணப்பிக்கலாம். முன்பு கீழ்ப்படிச் சிகிச்சை முடித்ததையும் இரண்டு மாதத்தில் நோய் திரும்பியதையும் முதல் அழைப்பிலேயே சொல்லட்டும். நேராக மேல்படிக்கு அனுப்பும்படி கேட்கட்டும். ‘எனக்கு என்ன நோய் என்று பதிந்திருக்கிறீர்கள், அதற்கு எத்தனை சந்திப்பு தருவீர்கள்?’ என்று கேட்பது அவமரியாதை இல்லை. நேரில் வேண்டுமா, தமிழில் வேண்டுமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. தாளைத் தனியாக உட்கார்ந்து, அந்த இரண்டு வாரம் உண்மையில் எப்படிப் போனதோ அப்படியே நிரப்பட்டும். நான்கைந்து சந்திப்புக்குப் பிறகும் அசைவே இல்லையென்றால், தெரபிஸ்ட்டிடம் சொல்லித் திட்டத்தை மாற்றச் சொல்ல வேண்டும். மாத்திரை பற்றி ஜி.பி.யிடம் பேசுவதிலும் தவறில்லை; இரண்டும் சேர்ந்து சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது. இடையில் எந்த இரவிலாவது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், காத்திருப்புப் பட்டியலை நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்: 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிப் பிரிவு எடுக்கும், உடனடி ஆபத்து என்றால் 999. சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.